தாயார் வாய்மொழி

9.8.1977

உப்புக்கட்டி,

இது உன் எட்டாம் வகுப்புக் கணக்கு நோட்டு. பாதிக்கு மேல் வெள்ளையாகக் கிடந்தது, அதில்தான் எழுதுகிறேன். நான் பேனா பிடித்து முப்பது வருசம் இருக்கும். அஞ்சாம் வகுப்பில் விட்டது. எழுத்து கோணலாகப் போகிறது, சிரிக்காதே.

எழுதச் சொன்னது ஞானசிகாமணி சார். அம்மை குத்த வருவாரே, சின்னதில் அவர் சைக்கிள் மணி கேட்டால் நீ உப்புக் குவியலுக்குப் பின்னால் போய் ஒளிவாய், அவர்தான். இப்போது ரிட்டயர் ஆகிவிட்டார். அடுத்த மாதம் பதினாலாம் தேதி மெட்ராசிலிருந்து நீ வேலை பார்த்த கொசு ஆபீசைப் பற்றி விசாரிக்க ஆட்கள் வருகிறார்களாம். "பிரமு, நீ அங்க போயி நின்னா எல்லாம் மறந்துரும். இப்பவே தேதி போட்டு எழுதி வையி" என்றார்.

நேற்று அவர்தான் என்னை முன்சீப் ஆபீசுக்குக் கூட்டிக்கொண்டு போய்ச் சாவுப் பதிவேட்டைக் காட்டினார். சந்தனக்கனி, வயது பத்தொன்பது, ஊர் சங்குவிளை. அதற்கு நேரே காரணம் என்று ஒரு கட்டம். அதில் 'அம்மை (தாயார் வாய்மொழி)' என்று இருந்தது. நானே எழுத்துக் கூட்டிப் படித்தேன்.

"இந்த ஒரு சொல்லு இருக்கிற வரைக்கும் கொசு ஆபீஸ்ல வேலை பாத்த யாருக்கும் ஒண்ணும் ஆகலன்னுதான் அர்த்தம். உம் மக அம்மன் கொண்டுபோன பிள்ளை, அவ்வளவுதான்" என்றார் சார்.

அந்தச் சொல்லை அடிக்க வேண்டும். எனக்கு வேறு ஒன்றும் வேண்டாம்.

10.8.1977

உப்பு வாரினோம். கண் கூசுகிறது. எழுத முடியவில்லை.

12.8.1977

சார் முதலில் இருந்து எழுதச் சொன்னார். எது முதல் என்று தெரியவில்லை. அந்த ஜீப்புதான் முதல்.

போன வருசம் தை மாசம் ஜீப்பில் மைக் கட்டிக்கொண்டு வந்தார்கள். ஆண் கொசு கடிக்காது, அதை மருந்தில் முக்கி லட்சக்கணக்கில் பறக்கவிடப் போகிறோம், அது பெண் கொசுவோடு சேர்ந்தால் முட்டை பொரிக்காது, யானைக்கால் நோய் ஒழிந்துவிடும் என்று சொன்னார்கள். பழைய உப்புக் கிட்டங்கியை வாடகைக்குப் பிடித்து வெள்ளையடித்து வலை அடித்தார்கள். வெள்ளைக்காரர் ஒருவர் மாதம் ஒரு தடவை வருவார். மற்றபடி எல்லாம் சூப்ரவைசர் வரதராஜன்தான்.

உன்னை வேலைக்கு எடுத்தபோது என்ன வேலை என்று யாரும் கேட்கவில்லை. நாற்காலியில் உட்கார்ந்து, வலைக் கூண்டில் தைத்திருக்கும் துணிக் குழாய்க்குள் கையை விட வேண்டும். இருபது நிமிசம். பெண் கொசு ரத்தம் குடித்தால்தான் முட்டை இடுமாம். முதல் நாள் நீ வந்து கையைக் காட்டினபோது முழங்கை வரைக்கும் தடித்து, அரைத்த மிளகாயைப் பூசினது மாதிரி இருந்தது. நான் அழுதேன். நீ என்ன சொன்னாய் தெரியுமா?

"நான் நாலாயிரம் பேருக்குப் பால் குடுக்கேன்மா. நீ ஒண்ணே ஒண்ணுக்குக் குடுத்துட்டு என்ன பேச்சுப் பேசுத!"

அதைக் கேட்டு நானும் சிரித்துவிட்டேன். தேங்காய் எண்ணெய் தடவ வந்தேன். "எண்ணெய் போட்டா வாசனைக்குக் கடிக்க மாட்டேங்குதாம், சூப்ரவைசர் சார் ஏசுவாரு" என்று கையை இழுத்துக்கொண்டாய். அதனால் வெறும் தண்ணீரில் துணி நனைத்துப் போட்டேன். உப்பளத்தில் கால் வெந்து கிடப்பதற்கு நாற்காலியில் உட்கார்ந்து செய்கிற வேலை தேவலை என்று நான்தான் நாலு பேரிடம் சொன்னேன்.

கோழி இன்றைக்கும் அடைக்கு உட்காரவில்லை.

15.8.1977

பள்ளிக்கூடத்தில் கொடி ஏற்றினார்கள். பேச்சித்தாய் மிட்டாய் கொண்டுவந்தாள். உன் மாமா மகளுக்கு இப்போது பதினெட்டு முடிந்துவிட்டது. உன் மை டப்பாவை எடுத்துக் கண்ணுக்குப் போட்டுக்கொண்டாள்.

அவள் கையைப் பார்த்தேன். தடிப்பு. உன் நாற்காலியில் இப்போது அவள்தான் உட்காருகிறாளாம்.

"எனக்குச் சும்மா கூண்டுதான் அத்தை. கனியக்காவ மட்டுந்தான் கடைசியில சிவப்புத் துணி கட்டுன கூண்டுல உட்கார வச்சாக. அந்தக் கூண்டுக்கு வரதராஜன் சாரே கையுறை மாட்டிக்கிட்டுத்தான் வருவாரு. எட்ட நின்னுக்கிட்டு மணி பாப்பாரு."

"இதை நீ ஏன்ட்டி அன்னைக்கே சொல்லல?"

"அக்காதான் பெருமையாச் சொன்னாளே, எனக்கு மட்டும் தனிக் கூண்டுன்னு. உங்ககிட்டச் சொல்லலையா?"

நீ என்னிடம் சொல்லவில்லை.

மத்தியானம் உன் மாமா வீட்டுக்குப் போனேன். மைனி மீன் அரிந்துகொண்டிருந்தாள். "மைனி, பேச்சிய இனிமே அங்க அனுப்பாதீக" என்றேன். அரிவாள்மணையிலிருந்து கையை எடுக்காமலே பேசினாள்.

"அனுப்பாம? உன் அண்ணன் தோணியில போயி ஏழு மாசம் ஆச்சு. காயிதம் கூட வரல. நீ வந்து ஒலை வைக்கியா?"

"அவ ரத்தத்தக் குடுத்துத்தான் ஒலை வைக்கணுமா?"

"நீ வைக்கலையாக்கும்? உம் மக நாற்காலியில உக்காந்தா அது ஆபீசு உத்தியோகம். எம் மக உக்காந்தா ரத்தமா?" பிறகு கொஞ்சம் தணிந்து, "பிரமு, அம்மன் எடுத்துக்கிட்ட பிள்ளைய நீ கொசு எடுத்துச்சுன்னு சொல்லிக்கிட்டுத் திரியுத. செத்தவள வச்சுக் கச்சேரி ஏறப் போறியாம். நாக்கு அழுகிரும்டி" என்றாள்.

அப்படிப் பேசினாலும், வரும்போது இரண்டு மீன் துண்டு இலையில் சுற்றிக் கொடுத்தாள். குழம்பு வைத்தேன். பாதியைக் கோழிக்குப் போட்டேன்.

18.8.1977

சார் பேப்பரை எடுத்துக்கொண்டு பாத்திக் கரைக்கே வந்துவிட்டார். நாங்கள் ஏழெட்டுப் பேர் உப்பைத் தலையில் தூக்கிக்கொண்டு நின்றோம். வாசித்தார்.

கொசு ஆபீசுக்கு வந்த பணம் நோய் ஒழிக்க வந்த பணம் இல்லையாம். வெளிநாட்டு ராணுவத்தின் பணமாம். எந்தக் கொசு எவ்வளவு தூரம் பறக்கும், எத்தனை வீட்டுக்குள் போகும், கடித்து எத்தனையாம் நாள் காய்ச்சல் வரும் என்று எழுதிக்கொள்வதற்காம். நாளைக்கு ஒரு சண்டை என்றால் குண்டுக்குப் பதிலாக இதை அனுப்பலாமா என்று பார்க்கிறார்களோ என்று பேப்பர்க்காரர் கேட்டிருக்கிறார். ஆபீஸ் அப்படியெல்லாம் இல்லை என்று பதில் சொல்லியிருக்கிறதாம்.

"குண்டு போட்டாச் சத்தமாவது கேக்கும்" என்றாள் கூடலி.

"ராணுவம் நம்ம ஊருக்கு வந்திருக்கு, ஒரு சலாம் கூடப் போடாம விட்டுட்டமே" என்று இன்னொருத்தி சொல்ல எல்லாரும் சிரித்தார்கள். தலையில் உப்பு ஆடியது. நானும் கொஞ்சம் சிரித்தேன் என்று நினைக்கிறேன்.

சார் அதோடு விடவில்லை. இதே வருசம் வந்த இன்னொரு சேதியையும் சொன்னார். அமெரிக்காவில் அவர்கள் அரசாங்கமே தன் சொந்தப் பட்டணத்தின் மேல், கப்பலில் நின்றுகொண்டு கிருமியைப் புகை மாதிரி அடித்துப் பார்த்ததாம். பட்டணத்து ஜனங்களுக்கு ஒரு வார்த்தை சொல்லவில்லையாம். இருபத்தேழு வருசம் கழித்து இப்போதுதான் ஒத்துக்கொண்டதாம்.

இருபத்தேழு வருசம். எனக்கு இப்போது நாற்பத்தொன்று. சொந்த ஜனத்துக்கே அப்படி என்றால் உனக்கும் எனக்கும் எப்போது சொல்வார்கள்?

21.8.1977

இன்று வேலை இல்லை. உட்கார்ந்து எழுதிவிடுகிறேன். விசாரணையில் இதைத்தான் கேட்பார்களாம்.

இந்த வருசம் சித்திரை மாசம் அஞ்சாம் தேதி வேலையிலிருந்து சீக்கிரம் வந்தாய். எலும்பெல்லாம் முறிகிற மாதிரி இருக்கிறது என்றாய். உடம்பு கொதித்தது. கஞ்சி வைத்தேன், வாந்தி எடுத்தாய். மறுநாள் கண் இரண்டும் சிவந்து, முகம் மினுமினுவென்று இருந்தது. கழுத்தில், மாரில் சிவப்புச் சிவப்பாகப் புள்ளி. மைனி எட்டிப் பார்த்துவிட்டுக் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். "பிரமு, முத்துப் போட்டிருக்கா. அம்மா வந்திருக்கா" என்றாள். சித்திரை வெயிலில் வேறு யார் வருவாள் என்று நானும் நினைத்தேன்.

வாசலில் வேப்பிலை கட்டினேன். வீட்டில் தாளிக்கவில்லை. தலை சீவவில்லை. யாரையும் உள்ளே விடவில்லை. உன்னைப் பேர் சொல்லிக் கூப்பிடவில்லை. தாயே, தண்ணி குடி தாயே என்றுதான் சொன்னேன். நீ என் முகத்தை ஒரு மாதிரிப் பார்த்தாய்.

மூன்றாம் நாள் வரதராஜன் வந்தார். நீ வேலைக்கு வரவில்லை என்று பார்க்க வந்திருக்கிறார் என்று நினைத்து எனக்கு அவர் மேல் மரியாதை வந்தது. வேப்பிலைக்கு வெளியே நின்றார். கையில் நோட்டு. "என்னம்மா, அம்மையா?" என்று கேட்டார். "ஆமா சார், அம்மா வந்திருக்கா" என்றேன். எழுதிக்கொண்டார். என்றைக்கு ஆரம்பித்தது, காலையா சாயங்காலமா, புள்ளி என்றைக்கு வந்தது என்று எல்லாம் கேட்டார். ஒவ்வொன்றையும் எழுதினார். வீட்டில் வேறு யாருக்கும் உண்டா என்று கேட்டார். நான் அத்தனைக்கும் ஒழுங்காகப் பதில் சொன்னேன்.

ஐந்தாம் நாள் பல் ஈறில் ரத்தம் கசிந்தது. ஆறாம் நாள் காலையில் தொட்டால் உடம்பு சில்லென்று இருந்தது. காய்ச்சல் இல்லவே இல்லை. அம்மா குளிர்ந்துவிட்டாள் என்று நான் வாசலில் நின்று குலவை போட்டேன். நாலு வீட்டிலிருந்து பதில் குலவை வந்தது. தலைக்குத் தண்ணீர் ஊற்ற மஞ்சளும் வேப்பிலையும் போட்டு வெயிலில் அண்டாவை வைத்தேன். தண்ணீர் சூடாகிறதுக்குள் நீ போய்விட்டாய்.

அம்மன் கொண்டுபோனால் அழக் கூடாது. அழவில்லை. எரிக்கவும் இல்லை, அறுத்துப் பார்க்கவும் விடவில்லை. அன்றைக்கே புதைத்துவிட்டோம்.

28.8.1977

நான் எழுதினதைச் சார் வாசித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மறுபடி வாசித்தார்.

"பிரமு, நான் முப்பது வருசம் அம்மை குத்தியிருக்கேன். பெரியம்மை ஒழிஞ்சு போச்சுன்னு சர்க்கார் சொல்லியாச்சு. எங்கயாவது மறுபடி இருக்குன்னு காட்டிக் குடுத்தா வெகுமதின்னு செவத்துக்குச் செவரு படம் வரைஞ்சு போட்டிருக்கு. பாத்திருக்கியா?"

"பாத்திருக்கேன் சார்."

"அம்மைன்னு ஒரு வார்த்தை காதுல விழுந்தா மறுநா விடியுமுன்ன ஜீப்பு வந்து நிக்கும். சின்னம்மையா இருந்தாலும் சரி, வேர்க்குருவா இருந்தாலும் சரி, வந்து பாத்துட்டுத்தான் போவாக. சுத்தி நூறு வீட்டுக்கு ஊசி போடுவாக. ஊரையே கட்டிப் போடுவாக. வரதராஜன் அம்மைன்னு எழுதிட்டுப் போயி, அது சர்க்கார் பதிவேட்டுலயும் ஏறியிருக்கே, யாராவது வந்தாகளா?"

நான் யோசித்தேன். அடுத்த நாள் வந்தது பால்காரர் மட்டும்தான். அவரும் வேப்பிலையைப் பார்த்துவிட்டு வெளியிலேயே நின்றார்.

"யாரும் வரல சார்."

"ஏன் வரல?"

அவர் சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

அம்மை இல்லை என்று அவர்களுக்குத் தெரியும். தெரிந்துதான் எழுதினார்கள். அந்த வார்த்தையை என் வாயிலிருந்து எடுத்துக்கொள்ளத்தான் வந்தார்கள். நீ உள்ளே படுத்திருக்கிறாய், நான் எத்தனையாம் நாள் புள்ளி வந்தது என்று கணக்காகச் சொல்லிக்கொண்டு நிற்கிறேன்.

29.8.1977

ஒன்றும் செய்யவில்லை.

2.9.1977

வரதராஜன் வந்தார். இந்தத் தடவை வீட்டுக்குள் வந்து பாயில் உட்கார்ந்தார். தண்ணீர் கொடுத்தேன். கொடுத்திருக்கக் கூடாது. வீட்டுக்கு வந்தவர்களுக்குக் கொடுத்துப் பழகிவிட்டது.

"பதினாலாம் தேதி நீங்க வர்றதாக் கேள்விப்பட்டேன். உங்க துக்கம் எனக்குப் புரியுதும்மா. உங்க பொண்ணு நல்ல பொண்ணு. ஆனா அங்க என்ன கேப்பாங்கன்னு யோசிச்சுப் பாத்தீங்களா?"

"என்ன கேப்பாக?"

"ஆறு நாள் காய்ச்சல். ஏழு மைல்ல ஆஸ்பத்திரி. பெத்தவ ஏன் கூட்டிட்டுப் போகலன்னு கேப்பாங்க. எழுதிக்குவாங்க. பேப்பர்ல வரும். உங்களை அந்த இடத்துல நிக்க வைக்க எனக்கு மனசு இல்ல."

"அம்மை இல்லன்னு நீங்க அன்னைக்கே ஒரு வார்த்தை சொல்லியிருந்தா கூட்டிட்டுப் போயிருப்பேனே சார்."

அவர் டம்ளரைக் கீழே வைத்தார். "நான் டாக்டர் இல்லம்மா" என்று சொல்லி எழுந்தார்.

14.9.1977

பள்ளிக்கூடத்தில் விசாரணை. மூன்று பேர் மேசைக்குப் பின்னால். தட்டச்சு அடிக்கிற ஒருவர். கதவோரம் மைனியும் ஊர்ப் பெண்களும். ஆபீஸ்காரர்கள் தனியாக நாற்காலியில். வெள்ளைக்காரர் ஊருக்குப் போய்விட்டாராம்.

காலையிலிருந்து உட்கார்ந்திருந்தேன். என்னைக் கூப்பிட்டபோது மணி மூன்று. நடுவில் இருந்த அதிகாரி வயசானவர், மரியாதையாகப் பேசினார். உட்காரச் சொன்னார். சோடா வேண்டுமா என்று கேட்டார்.

"உங்க மகளுக்கு வந்தது அம்மைன்னு சொன்னது யாரும்மா?"

"அந்தச் சார்தான் முதல்ல கேட்டாரு, அம்மையான்னு. நான் ஆமான்னேன்."

"ஆக, நீங்க சொன்னீங்க."

"அவரு கேட்டாரு சார், அதனால சொன்னேன்."

"கேட்டது அவர். சொன்னது நீங்க. சரிதானே?"

சரிதான் என்றேன். வேறு என்ன சொல்வது? தட்டச்சு படபடவென்று அடித்தது.

"ஆஸ்பத்திரிக்கு ஏன் கொண்டுபோகல?"

"அம்மை கண்டவளை எங்க ஊருல ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக மாட்டோம்."

"அந்தப் பொண்ணு பெரிய பொண்ணு. பத்தொன்பது வயசு. தனக்கு வைத்தியம் வேணும்னு அது கேட்டுதா?"

"இல்ல சார்."

அதையும் அடித்தார்.

அப்போதுதான் எனக்குத் தைரியம் வந்தது. எழுந்து நின்று கேட்டேன். "அம்மைன்னு எழுதிட்டுப் போனீகளே, ஏன் யாரும் ஊசி போட வரல? ஜீப்பு எங்க போச்சு? ஊரையே கட்டிப் போடணுமே, ஏன் கட்டல? அம்மை இல்லன்னு தெரிஞ்சவனுக்குத்தானே பயம் இருக்காது?"

தட்டச்சு நின்றுவிட்டது. அதிகாரி வரதராஜனைப் பார்த்தார். வரதராஜன் எழுந்து, "சின்னம்மைன்னு ஊர்ல சொன்னாங்க சார், அதான்" என்றார்.

பின்னாலிருந்து ஞானசிகாமணி சார் கத்தினார். "சின்னம்மைக்கும் தகவல் குடுக்கணும், அதான் உத்தரவு! முப்பது வருசம் நான் பாத்த வேலை!"

"உங்களை யாரும் கூப்பிடலை. உட்காருங்க." அதிகாரி என் பக்கம் திரும்பினார். "நீங்க கேக்கறது நியாயமான கேள்விதாம்மா. ஆனா அது இந்த விசாரணைக்குள்ள வராது. நிலையத்தோட வேலையால யாராவது இறந்தாங்களான்னு மட்டுந்தான் எங்களைப் பாக்கச் சொல்லியிருக்காங்க."

"அதைத்தானே சார் சொல்லுதேன்!"

தட்டச்சுக்காரர் அதிகாரி முகத்தைப் பார்த்துக்கொண்டு சும்மா இருந்தார். அதிகாரி அடிக்கச் சொல்லவில்லை.

கடைசியில் ஒரு காகிதத்தை நீட்டி, "கைநாட்டா, கையெழுத்தா?" என்று கேட்டார்கள்.

கையெழுத்து என்றேன். பிரம்மசக்தி என்று நிறுத்தி எழுதினேன். ஊரே பார்க்கிறது என்று கொஞ்சம் அழகாகவே எழுதினேன்.

வெளியே வந்ததும் சார் நகலை வாசித்தார். இரண்டே வரி. மகளுக்கு வந்தது அம்மை என்று நானே கூறினேன். என் மகள் சிகிச்சை எதுவும் கேட்கவில்லை.

முன்பு அந்தச் சொல் பதிவேட்டில் மட்டும் இருந்தது. இப்போது அதன் கீழே என் கையெழுத்தும் இருக்கிறது.

16.9.1977

கூண்டுகளை இரண்டு லாரியில் ஏற்றிக் கொண்டுபோய்விட்டார்கள். கிட்டங்கித் தரையெல்லாம் பிளீச்சிங் பவுடர். உப்பு மாதிரியே இருக்கிறது.

கடைசி வாரம் பேச்சியைத்தான் சிவப்புத் துணிக் கூண்டில் உட்கார வைத்தார்களாம். அவள் அம்மாவுக்குக் கூடச் சொல்லவில்லையாம். இன்றைக்குத்தான் என்னிடம் சொன்னாள்.

20.9.1977

ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்து எழுதுகிறேன்.

காலையில் உப்பளத்துக்குப் போகிற வழியில் மைனி வீட்டு வாசலில் வேப்பிலையைப் பார்த்தேன். பேச்சிக்கு மூன்று நாளாகக் காய்ச்சல். என்னிடம் சொல்லவில்லை. கூடையைப் போட்டுவிட்டு உள்ளே போனேன்.

"ஏட்டி, உள்ள வராத! வெளியாளு வரக் கூடாது!" என்று மைனி கையை விரித்துக்கொண்டு மறித்தாள்.

பேச்சியின் கழுத்தைப் பார்த்தேன். சார் சொல்லிக் கொடுத்திருந்தார், அம்மை முத்து என்றால் தடவும்போது விரலில் தட்டும் என்று. தடவினேன். ஒன்றுமே தட்டவில்லை. தோல் வழுவழுவென்று இருந்தது. புள்ளி தோலுக்கு அடியில் இருந்தது.

"இது அம்மா இல்ல மைனி. வண்டி பிடிக்கணும்."

"வாயக் கழுவு! உம் மகளத் தின்னது பத்தாதா? எம் மகளையும் அம்மன்கிட்டக் காட்டிக் குடுக்க வந்தியா?"

நான் வாசல் வேப்பிலையை அறுத்து எறிந்தேன். மைனி என் கன்னத்தில் அறைந்தாள். நல்ல அறை. இன்னும் காது ஙொய் என்கிறது. நான் பேச்சியைத் தோளில் போட்டுக்கொண்டேன். உப்பு மூட்டை தூக்கிப் பழகினதற்கு அவள் கனமே இல்லை. ரோட்டில் உப்பு லாரியை மறித்தேன். மைனி தலையை விரித்துப்போட்டுக்கொண்டு, என்னைத் திட்டிக்கொண்டே, பின்னால் ஏறினாள். ஏழு மைலும் திட்டினாள்.

பெரியாஸ்பத்திரி சீட்டு எழுதுகிற இடத்தில், "என்ன நோவு?" என்று கேட்டார் உள்ளே இருந்தவர். மைனி வாயைத் திறந்தாள். அவள் நாக்கில் அந்தச் சொல் வந்துவிட்டது எனக்குத் தெரிந்தது. அவள் வாயைப் பொத்தினேன்.

"தெரியாது சார்" என்றேன். "என்ன நோவுன்னு எங்களுக்குத் தெரியாது. கொசு ஆபீஸ்ல வேலை பாத்த பிள்ளை. மூணு நாளாக் காய்ச்சல். தெரியாதுன்னே எழுதுங்க."

அப்படியே எழுதினார்.

23.9.1977

இன்று காலையில் பேச்சிக்குக் காய்ச்சல் விட்டது. கையைத் தொட்டால் சில். மைனி கையெடுத்துக் கும்பிட்டு, "குளிர்ந்துட்டா, என் தாயி குளிர்ந்துட்டா" என்றாள்.

நர்ஸ் இருக்கிற இடத்துக்கு ஓடி, அவள் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தேன். பிரசர் பார்த்தாள். பிறகு அவளும் ஓடினாள். டாக்டரம்மா வந்தார். இரண்டு கையிலும் பாட்டில் ஏற்றினார்கள். ஒன்று முடிய ஒன்று. நான் பாட்டிலையே பார்த்துக்கொண்டிருந்தேன். எத்தனை ஏறியது என்று தெரியாது.

26.9.1977

பேச்சி எழுந்து உட்கார்ந்து ஒரு இட்லி சாப்பிட்டாள். தலை சிக்கு விழுந்துவிட்டதாம், சீப்பு வேண்டும் என்றாள். மைனி என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். அப்புறம் என் கன்னத்தைத் தடவிப் பார்த்தாள். "ஏட்டி, வீங்கியிருக்கா?" என்றாள்.

டாக்டரம்மா சின்ன வயசுக்காரர். பேச்சியின் சீட்டில் எதையோ எழுதிக்கொண்டே, காய்ச்சல் விடுகிற நேரம்தான் இதில் ஆபத்து, அந்த நேரத்தில் பாட்டில் ஏற்றினால் பிழைத்துவிடுவார்கள் என்றார். "இதே மாதிரி உங்க வீட்ல இன்னொரு பொண்ணுக்கும் வந்துச்சாமே? அதை எத்தனாவது நாள் கொண்டுபோனீங்க?"

"கொண்டுபோகல" என்றேன்.

அவர் எழுதுவதை நிறுத்தினார். அப்புறம் மறுபடி எழுதினார்.

28.9.1977

வீட்டுக்கு வந்துவிட்டேன். வீடு பெருக்கினேன். பானை கழுவினேன். நோட்டில் இன்னும் ஒரு பக்கம்தான் இருக்கிறது.

பேச்சி சீட்டைச் சார் வாசித்துச் சொன்னார். 'காரணம் தெரியாத காய்ச்சல்' என்று எழுதியிருக்கிறதாம். அதை வைத்து உன் பதிவேட்டையும் மாற்ற மனுப் போடலாம் என்கிறார். போடுவோம் சார் என்றேன். மாற்ற மாட்டார்கள். அவருக்கும் தெரியும். ஆனால் நான் எழுத உட்கார்ந்தது அதற்காக இல்லை.

விசாரணையில் நான் பொய் சொன்னேன்.

நீ கேட்டாய். நாலாம் நாள் மத்தியானம். நான் வேப்பிலைக் கொத்தால் வீசிக்கொண்டிருந்தேன். நீ கண்ணைத் திறந்து, தெளிவாக, "அம்மா, ஆஸ்பத்திரிக்குப் போவமா?" என்றாய். அம்மன் காதில் விழுந்துவிடுமே என்று நான் பதறிப்போய் உன் வாயைப் பொத்தினேன். "அப்படிச் சொல்லக் கூடாது. கன்னத்துல போட்டுக்கோ" என்றேன். உனக்குக் கையைத் தூக்க முடியவில்லை. ஒரு விரலை மட்டும் கொண்டுபோய்க் கன்னத்தைத் தொட்டாய்.

அதற்கு அப்புறம் இரண்டு நாள் இருந்தாய். உனக்கு நினைவு இருந்தது. தண்ணீர் கேட்டாய். தலையணையைத் திருப்பிப் போடச் சொன்னாய். கோழி கத்துகிறது, அடை வைத்தாயா என்று கூடக் கேட்டாய். இவ்வளவும் கேட்டாயே. ஒரு தடவை வாயைப் பொத்தினால் இரண்டாம் தடவை சண்டை போட்டுக் கேட்கிற பிள்ளைதானே நீ.

ஏன் உப்புக்கட்டி, அதை மட்டும் இன்னொரு தடவை என்னிடம் கேட்காமல் போனாய்?